வீட்டு ஸ்டுடியோவில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துப் பிடிக்கும் வழி

ஒரு மடிக்கணினி, ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் பெட்டி), ஒரு மைக். இவற்றை வைத்துக்கொண்டு வீட்டு அறையிலேயே பாடல் பதிவு செய்பவர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பக்திப் பாடல் பாடுபவர்கள், குறும்படங்களுக்குப் பின்னணி இசை சேர்ப்பவர்கள், ஒலிப்புத்தகம் வாசிப்பவர்கள் என்று பலருக்கும் நான் உதவி செய்து வருகிறேன். கோளாறுகள் புதிது புதிதாக வருவதில்லை. அதே சில கோளாறுகள்தான் வீடு மாறி வீடு வருகின்றன. புது மடிக்கணினி வாங்கி, அதிலும் அதே வெடிப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் பலர் உதவி கேட்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், பணம் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்பும் புராஜெக்டை வேறு பெயரில் சேமித்து, அந்த நகலில் சோதனை செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றிக் கோளாறு போய்விட்டால், எதனால் போனது என்று தெரியாது. அடுத்த மாதம் அது திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

## பாட்டு ஓடும்போது கரகரவென்று வெடிக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். வெடித்த இடத்தை மூன்று முறை திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே சொல்லில், அதே இடத்தில் வெடித்தால் கோளாறு கோப்புக்குள் இருக்கிறது. இடம் மாறி மாறி வெடித்தால் கணினியால் வேலையை நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. இந்த இரண்டுக்கும் தீர்வு முற்றிலும் வேறு.

### ஒரே இடத்தில் வெடிக்கிறது

அந்த இடத்தில் அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலையின் உச்சி கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தால், பாடும்போது இன்டர்ஃபேஸின் கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) அதிகமாக இருந்திருக்கிறது. சீவப்பட்டது முழுமையாகத் திரும்பாது. பழுது நீக்கும் பிளகின்கள் (பதிவு மென்பொருளோடு சேர்க்கும் துணை மென்பொருள்கள்) ஓரளவு மறைக்கும், அவ்வளவுதான். அந்த வரியை மறுபடி பாடிவிடுவதே நல்லது. 24 பிட்டில் பதிவு செய்யும்போது அளவு குறைவாக இருந்தால் இரைச்சல் வந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. சாதாரணமாகப் பாடும் இடங்கள் மைனஸ் 18 டெசிபலை ஒட்டியும், உச்சஸ்தாயியில் எழும் இடங்கள் மைனஸ் 8, 10 அளவிலும் நின்றால் போதும்.

உச்சி தட்டையாக இல்லாமல், இரண்டு துண்டுகள் ஒட்டிய இடத்தில் மட்டும் 'டப்' என்று கேட்டால் அது வெட்டிய தழும்பு. இரு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியவிட்டு 5 முதல் 10 மில்லிநொடி வரை கிராஸ்ஃபேட் (ஒன்று அடங்க அடங்க மற்றது எழும் இணைப்பு) கொடுத்தால் மறைந்துவிடும்.

### இடம் மாறி மாறி வெடிக்கிறது

முதலில் பஃபர் அளவைப் பாருங்கள். கணினி ஒரே தடவையில் எடுத்துக் கையாளும் ஒலித் துண்டின் அளவு அது, சாம்பிள் கணக்கில் இருக்கும். பாடிப் பதிவு செய்யும்போது 64 அல்லது 128 என்று வைத்திருப்பீர்கள். பாடி முடித்து மிக்சிங் செய்யும்போதும் அதே அளவில் வைத்திருக்கத் தேவையில்லை. 512 அல்லது 1024 ஆக்குங்கள். ரீப்பரில் ஆப்ஷன்ஸ், பிரிஃபரன்சஸ், ஆடியோ, டிவைஸ் என்று போனால் இது இருக்கும். கியூபேஸில் ஸ்டுடியோ செட்டப், லாஜிக்கில் செட்டிங்ஸுக்குள் ஆடியோ. மற்ற மென்பொருள்களிலும் ஆடியோ கருவியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தின் பக்கத்திலேயே இருக்கும்.

அதே பக்கத்தில் டிரைவரின் (கருவியையும் கணினியையும் இணைக்கும் மென்பொருள்) பெயரையும் பாருங்கள். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும் ஏசியோ டிரைவர் தேர்வாகியிருக்க வேண்டும். ஏசியோ ஃபார் ஆல் என்பது சொந்த டிரைவர் இல்லாத கருவிகளுக்கான மாற்று ஏற்பாடு. சொந்த டிரைவர் கிடைக்கும்போது அதை வைத்து ஓட்ட வேண்டாம்.

அடுத்தது மின்சாரம். சார்ஜரைச் செருகிவிட்டு, பவர் அமைப்பை உயர்திறனுக்கு மாற்றுங்கள். பேட்டரியில் ஓடும் மடிக்கணினி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் செயலியின் வேகத்தைக் குறைக்கும். அந்தச் சில மில்லிநொடிகளில்தான் வெடிப்பு வருகிறது. யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பென்ட் என்ற அமைப்பையும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்னும் நிற்கவில்லையா? வைஃபையை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். பிறகு புளூடூத்தையும் அணைத்துப் பாருங்கள். செயலி மீட்டர் வெறும் 30 சதவீதம் காட்டும்போதும் வெடிப்பு வருகிறதென்றால் பெரும்பாலும் காரணம் இங்கேதான். ஏதோ ஒரு டிரைவர் செயலியை ஒரு கணம் பிடித்து வைத்துக்கொள்கிறது, ஒலிக்குரிய முறை தவறிப்போகிறது. அந்த டிரைவர் எது என்று கண்டுபிடிக்க லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதை ஓடவிட்டுப் பாட்டையும் பத்து நிமிடம் ஓட்டினால், எந்த டிரைவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டது என்று பெயரோடு காட்டும். என்.டி.ஐ.எஸ். என்று வந்தால் வைஃபை போன்ற வலையமைப்புக் கருவி. ஏ.சி.பி.ஐ. என்று வந்தால் பேட்டரி, மின்சார நிர்வாகம் தொடர்பானது. அந்தக் கருவியின் டிரைவரையும் மதர்போர்டின் பயாஸையும் கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். நூறு டிரைவர்களைச் சேர்த்துப் புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை ஒலிப்பதிவுக் கணினியில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

செயலி மீட்டர் உண்மையிலேயே 80ஐத் தாண்டி நிற்கிறதென்றால் கனமான டிராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள், அதாவது பிளகின்களோடு சேர்த்துத் தற்காலிக ஒலிக் கோப்பாக்கிவிடுங்கள். பைபாஸ் செய்வதாலேயே ஒவ்வொரு பிளகினும் சுமையை இறக்கிவிடுவதில்லை. ரீப்பரில் ஆஃப்லைன் ஆக்கினால்தான் அது நினைவகத்தையும் விட்டு வெளியேறும். எட்டுக் குரல் டிராக்குகளில் எட்டு ரிவெர்ப் (எதிரொலி சேர்க்கும் பிளகின்) போட்டிருந்தால், ஒரே ரிவெர்பைத் தனி டிராக்கில் வைத்து எட்டையும் அங்கே அனுப்புங்கள். சுமையும் குறையும், குரல்கள் எல்லாம் ஒரே மண்டபத்தில் நின்று பாடுவது போலவும் கேட்கும்.

பிறகுதான் பொருள்கள் பக்கம் போக வேண்டும். இன்டர்ஃபேஸை ஹப்பில் செருகாமல் நேராகக் கணினியில் செருகுங்கள். யூ.எஸ்.பி. கேபிளை மாற்றிப் பாருங்கள். அதன் பின், வன்தட்டு இன்னும் சுழலும் வகையாக இருந்தால் எஸ்.எஸ்.டி.க்கு மாறுங்கள். 8 ஜி.பி. நினைவகத்தில் வயலின் குழு, டிரம்ஸ் என்று பெரிய ஒலிநூலகங்களை ஏற்றுபவர்கள் 16 ஆக்குங்கள். இந்த இரண்டையும் செய்தாலே பல பழைய மடிக்கணினிகள் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

### தொடக்கத்தில் சரி, அரை மணி நேரம் கழித்து வெடிக்கிறது

இது சூடு. விசிறி தூசியால் அடைபட்டிருக்கும், செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெத்தை, துணி விரித்த மேசை ஆகியவற்றின் மேல் வைக்காமல் அடியில் காற்று போகும்படி உயர்த்தி வையுங்கள். அதன் பிறகும் வந்தால் சர்வீஸ் கடையில் உட்புறத்தைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றித் தரச் சொல்லுங்கள். மடிக்கணினியைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

### சீரான இடைவெளியில் 'டிக்… டிக்…'

இது பஃபர் அல்ல, கிளாக், அதாவது கருவி சாம்பிள்களை எண்ணும் கடிகாரம். இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டுப் பலகையில் கிளாக் சோர்ஸ் இன்டர்னல் என்று இருக்க வேண்டும். டிஜிட்டல் கேபிள் வழியாக இன்னொரு கருவியை இணைத்திருந்தால் இரண்டில் ஒன்று மட்டுமே தலைமை, மற்றது அதைப் பின்பற்ற வேண்டும்.

## பாடினால் ஹெட்ஃபோனில் குரல் பிந்தி வருகிறது

ஹெட்ஃபோன் புளூடூத் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. சாதாரணமாக 100 மில்லிநொடிக்கு மேல் தாமதம் அதிலேயே இருக்கிறது. எந்த அமைப்பாலும் அது போகாது. கம்பி உள்ள ஹெட்ஃபோனை இன்டர்ஃபேஸில் செருகுங்கள்.

குரல் இரண்டாகக் கேட்கிறதா? ஒன்று உடனே, இன்னொன்று சற்றுப் பிந்தி? அப்படியென்றால் இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டர் (மைக் ஒலியைக் கணினிக்குப் போகாமலே நேராகக் கேட்க வைப்பது), மென்பொருளின் மானிட்டர் இரண்டும் சேர்ந்து ஓடுகின்றன. ஒன்றை அணையுங்கள். குரல் மட்டும் பதிவு செய்பவர்களுக்கு டைரக்ட் மானிட்டரே போதும், அதில் கணினியின் தாமதம் சேராது. ஹெட்ஃபோனில் ரிவெர்போடு கேட்டால்தான் பாட வருகிறது என்பவர்கள் மட்டும் மென்பொருள் வழியாகக் கேளுங்கள்.

அப்படிக் கேட்பவர்களுக்குக் கணக்கு இதுதான். 44,100 சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு 44,100 சாம்பிள்) 128 பஃபர் என்றால் ஒரு வழிக்கு 2.9 மில்லிநொடி. 256 என்றால் 5.8, 512 என்றால் 11.6. உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை, இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதம் கொஞ்சம் என்று கூட்டிக்கொள்ளுங்கள். போகவர மொத்தம் 10 மில்லிநொடியைத் தாண்டினால் பாடுபவர்கள் பலருக்கு உறுத்தத் தொடங்கும். மிருதங்கம் வாசிப்பவர்களுக்கு அதற்கும் முன்பே.

பஃபரை 64 ஆக்கிய பின்பும் தாமதம் அப்படியே இருந்தால் பிளகின்களைச் சந்தேகியுங்கள். மாஸ்டரில் (எல்லா டிராக்குகளும் சேரும் கடைசி இடம்) போட்ட லிமிட்டர் (உச்சத்தை ஓர் அளவில் நிறுத்துவது), லீனியர் ஃபேஸ் ஈக்வலைசர், இரைச்சல் நீக்கி ஆகியவை முன்கூட்டிப் பார்த்து வேலை செய்பவை. தாங்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் புராஜெக்ட் முழுவதற்கும் சுமத்திவிடும். பாதி மிக்சிங் ஆன பாட்டில் ஒரு வரியை மறுபடி பாட உட்காரும்போது இந்தத் தொல்லை தவறாமல் வரும். கியூபேஸில் கன்ஸ்ட்ரெயின் டிலே காம்பன்சேஷன், லாஜிக்கில் லோ லேட்டன்சி மோட் என்று ஒரு பொத்தான் இதற்காகவே இருக்கிறது. அப்படி எதுவும் இல்லாத மென்பொருளில் மாஸ்டரின் பிளகின்களை அணைத்துவிட்டுப் பாடுங்கள்.

### கேட்கும்போது சரி, ஆனால் பதிவானது தாளத்துக்குப் பின்னால் விழுகிறது

இதைப் பலர் தங்கள் பாட்டின் குறை என்று நினைத்து மனம் நொந்துபோகிறார்கள். லயம் பிசகாதவர்கள்கூட ஒவ்வொரு டேக்கையும் கையால் முன்னே நகர்த்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். குறை பாடுபவரிடம் இல்லை. டிரைவர் தன் தாமதத்தை மென்பொருளுக்குத் தவறாகச் சொல்கிறது, மென்பொருள் அதை நம்பிக் குறைவாக ஈடுகட்டுகிறது. இதை அளந்துவிடலாம்.

இன்டர்ஃபேஸின் 1ஆம் அவுட்புட்டிலிருந்து 2ஆம் இன்புட்டுக்கு ஒரு கேபிளை இழுங்கள். இன்புட்டை லைன் நிலைக்கு மாற்றி, ஃபான்டம் பவர் (மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் வசதி), டைரக்ட் மானிட்டர் இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கரையும் அணையுங்கள். ஒரு டிராக்கில் நான்கு அக்ஷரத்துக்குக் குச்சி தட்டும் ஒலியைச் சரியாகக் கோட்டின் மேல் வையுங்கள். இன்னொரு டிராக்கில் 2ஆம் இன்புட்டைத் தேர்ந்து, மானிட்டரை அணைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். இப்போது இரண்டு டிராக்குகளையும் தனித்தனிச் சாம்பிள் தெரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். மேலே உள்ள தட்டு எங்கே எழுகிறது, கீழே பதிவானது எங்கே எழுகிறது என்று பாருங்கள். நடுவில் 220 சாம்பிள் இடைவெளி இருந்தால், 44,100இல் அது கிட்டத்தட்ட 5 மில்லிநொடி. ரீப்பரில் பிரிஃபரன்சஸில் ரெக்கார்டிங் பக்கத்தில் இந்த எண்ணை எழுதும் இடம் இருக்கிறது. எழுதிவிட்டு மறுபடி பதிவு செய்தால் இரண்டு தட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க வேண்டும். இடைவெளி இரண்டு மடங்காகிவிட்டால் எண்ணுக்கு முன் கழித்தல் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் போடுங்கள். பஃபர் அளவை மாற்றும்போது இந்த எண்ணும் மாறக்கூடும். பாடும்போது வைக்கும் பஃபரிலேயே அளந்துகொள்ளுங்கள்.

## மைக்கில் ஒலியே வரவில்லை

இன்டர்ஃபேஸின் முகப்பில் உள்ள விளக்கையோ மீட்டரையோ பாருங்கள். மைக்கைத் தட்டும்போது அது அசைகிறதா?

அசைகிறது, மென்பொருளில் மட்டும் இல்லை என்றால்: டிராக்கின் இன்புட் எண் சரியா, ரெக்கார்ட் ஆர்ம் (பதிவுக்குத் தயார் என்ற பொத்தான்) ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, பதிவாவது வெறும் நேர்கோடாக இருந்தால் அனுமதிப் பிரச்சினை. மேக்கில் 2018இல் வந்த மொஜாவே பதிப்பு முதல், மைக்கைப் பயன்படுத்த ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனியாக அனுமதி தர வேண்டும். முதல் நாள் வந்த கேள்விக்கு வேண்டாம் என்று அழுத்தியிருந்தால் பிறகு அது கேட்பதே இல்லை. பிரைவசி அமைப்பில் மைக்ரோஃபோன் பகுதிக்குப் போய்த் திறந்துவிடுங்கள். விண்டோஸிலும் இதே போன்ற பகுதி உண்டு.

விளக்கும் அசையவில்லை என்றால்: கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர் வேண்டும். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அந்தப் பொத்தானை அழுத்துங்கள், சில நொடிகள் பொறுங்கள். பிறகு கேபிளை மாற்றுங்கள். பிறகு மைக்கை மாற்றுங்கள். பிறகு இன்னொரு இன்புட்டில் செருகுங்கள். அதே மைக், அதே கேபிள், 2ஆம் இன்புட்டில் பேசுகிறது, 1இல் பேசவில்லை என்றால் அந்த இன்புட் போய்விட்டது. அதைச் சர்வீஸுக்குக் கொடுங்கள். உத்தரவாதக் காலம் மீதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒலி வருகிறது, ஆனால் எங்கோ தூரத்திலிருந்து பேசுவது போல இருக்கிறது என்றால் மைக்கைத் திருப்புங்கள். பக்கவாட்டில் பாட வேண்டிய மைக்குகளில் நிறுவனத்தின் சின்னம் பொறித்த பக்கமே பெரும்பாலும் முகம்.

### ஒரு காதில் மட்டும் கேட்கிறது

ஒரே மைக்கை ஸ்டீரியோ டிராக்கில் பதிவு செய்திருக்கிறீர்கள். டிராக்கின் இன்புட்டை '1/2' என்பதிலிருந்து மோனோ '1' ஆக மாற்றுங்கள். ஏற்கெனவே பதிவானதை இடது பக்கம் மட்டும் எடுத்து மோனோவாக மாற்றிக்கொள்ளலாம், மறுபடி பாட வேண்டாம்.

### இரண்டு மைக் வைத்தால் ஒலி மெலிந்துபோகிறது

மிருதங்கத்துக்கு வலந்தலையில் ஒன்று, தொப்பியில் ஒன்று என்று வைப்பவர்களுக்கு இது நேரும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நன்றாக இருக்கும். சேர்த்தால் தொப்பியின் கும்கி காணாமல் போகும். மாஸ்டரை மோனோவாக்கிவிட்டு, ஒரு டிராக்கின் போலாரிட்டியைத் திருப்பும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எந்த நிலையில் அடித்தட்டு கனமாகக் கேட்கிறதோ அதுவே சரி.

## 'உம்ம்…' என்ற ஓயாத இரைச்சல்

மற்றக் கோளாறுகள் வேலையைக் கெடுக்கும், இது ஆளையே பாதிக்கக்கூடும். ஆகவே பொறுமையாகப் பாருங்கள்.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டுங்கள். இரைச்சல் உடனே நின்றால் வழி தெரிந்துவிட்டது: சார்ஜர், எர்த் பக்கம். நிற்கவில்லை என்றால் மைக் கேபிளைக் கழற்றுங்கள். அப்போது நின்றால் கேபிளோ மைக்கோ காரணம். அப்போதும் நிற்கவில்லை என்றால் ஸ்பீக்கருக்குப் போகும் கேபிளைப் பாருங்கள். ஹெட்ஃபோனில் கேட்காமல் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டால் பதிவில் இரைச்சல் இல்லை, பாடும் வேலையைத் தொடரலாம்.

இரைச்சல் ஆழமாக, ஒரே சுரமாக இருந்தால் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ். அதில் 'ஜ்ர்ர்' என்ற முள் கலந்திருந்தால் அறையில் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் எதுவோ ஓடுகிறது. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு அணைத்துப் பாருங்கள். விளக்கின் டிம்மரையும் அப்படியே. மின்சாரம் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் முள் சத்தம் வந்தால் உங்கள் இன்வெர்ட்டர் சைன் அலை தருவதல்ல. இன்வெர்ட்டரில் இருக்கும்போது மடிக்கணினியின் சொந்தப் பேட்டரியில் பதிவு செய்யுங்கள். மாற்றும் காலம் வரும்போது சைன் அலை இன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள்.

சார்ஜர்தான் காரணம் என்று தெரிந்தால், கணினி, இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து ஓட்டுங்கள். வெவ்வேறு சுவர்ப் பிளக்குகளில் எர்த் வேறுபடும்போது அந்த வேறுபாடு கேபிள் வழியாக ஒலியாக வருகிறது. ஸ்பீக்கருக்குச் சமநிலை (பேலன்ஸ்டு) கேபிள் போடுங்கள். கிடார், வீணை பிக்கப் போன்றவற்றை டி.ஐ. பெட்டி (கருவியின் ஒலியை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வழியாக இணைத்து அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்டை (ஒலிக் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச்) தட்டுங்கள்.

இரைச்சலைப் போக்க மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைப்பதோ, இரண்டு முள் அடாப்டர் போடுவதோ கூடவே கூடாது. இரைச்சல் நிற்கும், அதோடு உங்கள் உயிருக்கு இருந்த காவலும் போய்விடும். மைக்கில் உதடு படும்போது சுரீரென்றால், மடிக்கணினியின் உலோக உடலைத் தொடும்போது விறுவிறுத்தால், அன்றைய பதிவை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். எர்த் இணைப்பு பிளக் வரை வந்து சேருகிறதா, எர்த் குழி வேலை செய்கிறதா, கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதை எந்த மென்பொருளும் தீர்க்காது.

## சுருதி மாறி, வேகமாக ஒலிக்கிறது

5 கட்டையில் பாடியவரின் குரல் ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் போய் நிற்கிறதா? பாட்டும் முன்பைவிடச் சீக்கிரம் முடிகிறதா? 44,100இல் பதிவானதை 48,000 என்று எண்ணி ஓட்டுகிறது. கிட்டத்தட்ட ஒன்றரை அரைச்சுரம் ஏறும், வேகம் சுமார் 9 சதவீதம் கூடும். தலைகீழாக நடந்தால் குரல் கனத்து மெதுவாகும்.

புராஜெக்டின் சாம்பிள் ரேட், இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ளது, விண்டோஸின் சவுண்ட் அமைப்பில் உள்ளது மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். உலாவியில் ஏதோ ஒரு காணொளி திறந்திருந்தாலே அது இன்டர்ஃபேஸை 48,000இல் பிடித்து வைத்துக்கொள்ளலாம். மூடிவிட்டு மென்பொருளை மறுபடி திறங்கள். வெளியிலிருந்து வந்த கோப்பு என்றால் அதைச் சேர்க்கும்போது புராஜெக்டின் ரேட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். வேலையைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது: பாட்டு மட்டும் என்றால் 44,100, படத்தோடு சேரப்போகிறது என்றால் 48,000.

சுருதி சரி, ஆனால் ஒரு மணி நேரக் கச்சேரியின் ஒலியும் கைப்பேசியில் எடுத்த காணொளியும் போகப் போக விலகுகின்றன என்றால் அது வேறு. இரண்டு கருவிகளின் கடிகாரமும் இம்மியளவு வேறுபடும். தொடக்கத்தில் ஒரு கைத்தட்டு, முடிவில் ஒரு கைத்தட்டு இரண்டையும் பொருத்தி, ஒலியை அந்த அளவுக்கு நீட்டவோ குறுக்கவோ செய்யுங்கள்.

## கீபோர்டு வாசித்தால் ஒலியில்லை, அல்லது ஒலி நிற்கவில்லை

மிடி (கீபோர்டில் வாசிப்பதைக் கணினிக்குச் சொல்லும் முறை) அமைப்பில் அந்தக் கீபோர்டு எனேபிள் ஆகியிருக்கிறதா, டிராக் ஆர்ம் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் வேறொரு மென்பொருள் அதே மிடி கருவியைத் திறந்து வைத்திருந்தாலும் கிடைக்காமல் போகலாம். சுரம் நிற்காமல் ஒலித்தால் ஆல் நோட்ஸ் ஆஃப் கட்டளையைக் கொடுங்கள். பெடலை மிதிக்காதபோது நீண்டும், மிதித்தால் நின்றும் ஒலித்தால், கீபோர்டை அணைத்து, பெடலைச் செருகி, அதன்மேல் கால் வைக்காமல் மறுபடி ஆன் செய்யுங்கள்.

## புராஜெக்ட் திறக்கிறது, கோப்புகள் காணவில்லை

புராஜெக்ட் கோப்பில் ஒலி இருப்பதில்லை, ஒலி எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் இருக்கிறது. அதை மட்டும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்து, மிக்சிங் செய்பவரின் வீட்டில் திறந்து பார்த்துத் திகைப்பவர்கள் ஏராளம்.

வெளித்தட்டில் வேலை செய்திருந்தால் டிரைவ் எழுத்து மாறியிருக்கலாம். முன்பு 'இ' ஆக இருந்தது இன்று 'எஃப்' ஆகியிருக்கும். பழைய எழுத்தையே கொடுத்தால் எல்லாம் திரும்பிவிடும். டாக்குமென்ட்ஸ் கோப்புறை மேகச் சேமிப்போடு ஒத்திசைந்திருந்தால், கோப்புகள் கணினியிலிருந்து மேலே போய்விட்டுப் பெயர் மட்டும் இங்கே இருக்கும். பதிவுக் கோப்புறையை அந்த ஒத்திசைவுக்கு வெளியே மாற்றிவிடுங்கள், பதிவின்போது தடங்கல் வருவதும் அதோடு குறையும். இல்லாவிட்டால் கோப்பின் பெயரை வைத்துக் கணினி முழுவதும் தேடுங்கள். பதிவுக் கோப்புறையைத் தேர்வு செய்யாமல் பாடியிருந்தால் மென்பொருளின் இயல்பான கோப்புறையில் கிடக்கும்.

இனி அனுப்பும்போது: ரீப்பரில் சேவ் ஆஸ் கொடுக்கும்போது எல்லா ஒலிக் கோப்புகளையும் புராஜெக்ட் கோப்புறைக்குள் நகலெடுக்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். கியூபேஸில் பேக்கப் புராஜெக்ட், ஏபில்டன் லைவில் கலெக்ட் ஆல் அண்ட் சேவ். பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது அதில் உள்ளவை அழிந்துவிடும். ஆகவே முதலில் வேறு இடத்துக்கு எடுத்து வையுங்கள்.

தட்டு 'டக் டக்' என்று சத்தம் போடுகிறது, கணினி அதை அடையாளம் காணவில்லை என்றால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். மீட்பு மென்பொருளை ஓட்ட வேண்டாம். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் சேதம் கூடும். தரவு மீட்பு செய்பவரிடம் அப்படியே கொடுங்கள்.

## புராஜெக்டைத் திறந்தவுடன் மென்பொருள் மூடிக்கொள்கிறது

பெரும்பாலும் ஒரே ஒரு பிளகின்தான் குற்றவாளி. காலிப் புராஜெக்ட் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் மென்பொருள் நலமாக இருக்கிறது. ரீப்பரில் பிளகின்களை ஆஃப்லைனாக வைத்துத் திறக்கும் வழி கோப்பைத் திறக்கும் பெட்டியிலேயே உண்டு. திறந்த பிறகு ஒவ்வொன்றாக உயிர்ப்பியுங்கள். விழும் இடத்தில் உள்ளது எது என்று தெரிந்துவிடும். சமீபத்தில் புதுப்பித்த பிளகினை முதலில் சந்தேகியுங்கள்.

அதுவும் உதவவில்லை என்றால் பழைய பிரதியைத் தேடுங்கள். கியூபேஸ் பேக்கப் கோப்புகளைப் புராஜெக்ட் பக்கத்திலேயே வைக்கிறது. ஏபில்டன் லைவ், புரோ டூல்ஸ் இரண்டும் தனிக் கோப்புறையில் வைக்கின்றன. அரை மணி நேர வேலை போகலாம், பாட்டு போகாது.

பிளகின் பட்டியலிலேயே இல்லையென்றால் அது 32 பிட்டா என்று பாருங்கள். பிறகு, வி.எஸ்.டி.3 (பிளகின்களின் ஒரு வடிவம்) பிளகின் விண்டோஸில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் காமன் ஃபைல்ஸுக்குள் வி.எஸ்.டி.3 கோப்புறையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். ஒரு முறை விழுந்த பிளகினை மென்பொருள் தடைப்பட்டியலில் போட்டிருக்கும். அங்கிருந்தும் எடுத்துவிட வேண்டும்.

## ஏற்றுமதி செய்த பாட்டு வேறு மாதிரி கேட்கிறது

ஒரு கருவி இல்லையென்றால் எங்காவது சோலோவோ மியூட்டோ அழுத்தியிருக்கிறது. கடைசி ரிவெர்ப் பாதியில் அறுந்தால் தேர்வு எல்லையை நாலைந்து நொடி நீட்டுங்கள். சாம்பிளர் கருவியில் சுரங்கள் விடுபட்டிருந்தால் நிகழ்நேர ஏற்றுமதியைத் தேர்ந்தெடுங்கள்.

உயர் ஒலிகள் மந்தமாகவோ கூர்மையாகவோ மாறியிருந்தால் மாஸ்டரில் உள்ள ஹெட்ஃபோன் திருத்தப் பிளகினைப் பாருங்கள். அது உங்கள் காதுக்கானது, கோப்புக்குள் போகக்கூடாது. மானிட்டர் வழியில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் ஏற்றிய பிறகு அடங்கிப்போய்க் கேட்கிறதா? ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் உரத்த பாட்டை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைத்து ஓட்டுகின்றன. லிமிட்டரால் நெருக்கி நெருக்கி உரக்கச் செய்தது வீண், நெருக்கிய தழும்பு மட்டும் மிஞ்சும். லிமிட்டரின் உச்சத்தை மைனஸ் 1 ட்ரூ பீக்கில் (சாம்பிள்களுக்கு இடையே எழுவதையும் சேர்த்த உண்மையான உச்சம்) நிறுத்துங்கள்.

வாட்ஸாப்பில் வந்த பின்னணி இசைக்குப் பாடியிருந்து, மூலக் கோப்போடு சேர்த்தால் தாளம் சற்று விலகினால், எம்.பி.3 தன் தொடக்கத்தில் சேர்க்கும் சிறு வெற்றிடம் காரணம். அலைகளைப் பார்த்து நகர்த்திப் பொருத்துங்கள். அடுத்த முறை வேவ் கோப்பாக, டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் காரில் ஒரு மாதிரியும் கைப்பேசியில் ஒரு மாதிரியும் கேட்டால், அது அறையின் எதிரொலியும் ஸ்பீக்கர் வைத்த இடமும் உங்களை ஏமாற்றுவதால். அங்கே மாஸ்டரிங் செய்பவர் ஒருவரின் காதுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. மாஸ்டரின் லிமிட்டரை எடுத்துவிட்டு, உச்சம் மைனஸ் 6 டெசிபலுக்குக் கீழே நிற்க, 24 பிட் வேவாக, புராஜெக்டின் சாம்பிள் ரேட்டிலேயே கொடுங்கள்.